மகப்பேறும் சுற்றுச்சூழலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

உட்கொள்ளும் மருந்து, புழங்கும் பொருள், பார்க்கும் வேலை ஆகியவை மகப்பேற்றைப் பாதிக்குமா என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. குழந்தைக்காக முயன்று 14 மாதங்கள் ஆகின்றன. சிறு வயதில் பள்ளிக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் தண்ணீர் கொண்டுபோனேன். அதிலிருந்த வேதிப்பொருள் உடலில் தங்கி என் கருப்பையைக் கெடுத்துவிட்டது என்று அஞ்சுகிறேன். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் பாத்திரங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம் நீள்கிறது. அதில் உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. ஆகவே ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவருமே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பெண்ணுக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதத்திலேயே செல்ல வேண்டும். உங்களுக்கு அந்த ஓராண்டு கடந்துவிட்டது. பாத்திரங்களை மாற்றுவதற்கு முன் செய்திருக்க வேண்டியது இதுதான்.

இனிப் பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். நீங்கள் அஞ்சும் பொருள் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ. கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் உலோக டப்பாக்களின் உட்பூச்சிலும் கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீதுகளிலும் அது பயன்பட்டு வந்திருக்கிறது. அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யக்கூடியது என்பது புதிய செய்தி அன்று; 1930களிலேயே சார்லஸ் டாட்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைச் சோதித்துக் கண்டறிந்துவிட்டார். ஆனால் அது உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. உள்ளே போன பிபிஏயின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. பள்ளிப் பருவத்தில் குடித்த தண்ணீரின் பிபிஏ இன்று உங்கள் உடலில் இல்லை. கொழுப்பில் தங்கிப் பல ஆண்டுகள் நீடிப்பவை வேறு வகை: டிடிடி, பிசிபி, டையாக்சின் போன்றவை.

அப்படியானால் பிபிஏ தீங்கற்றதா? அல்ல. உடலில் தங்காத பொருளும் நாள்தோறும் புதிதாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் என்றும் இருப்பதாகவே ஆகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் பால்புட்டிகளில் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நாள் ஒன்றுக்கு உட்கொள்ளத்தக்க அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக்கோடு மைக்ரோவேவ் அடுப்பில் வைக்காதீர்கள். ‘பிபிஏ இல்லாதது’ என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதற்கு மாற்றாகச் சேர்க்கப்படும் பிஸ்பீனால் எஸ் என்பதும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. இவ்வளவு போதும். உங்கள் சிறு வயதுத் தண்ணீர்ப் பாட்டிலை இனி நினைத்து அழ வேண்டாம்.

கேள்வி: வயது 28. இரண்டு ஆண்டுகளாக உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். உடம்பு நன்றாக ஏறியது. திருமணத்துக்குப் பின் எடுத்த பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை ‘பூஜ்யம்’ என்று வந்திருக்கிறது. ஆண்மைக்கான ஹார்மோனைத்தானே போட்டேன்? இது எப்படி நடக்கும்?

பதில்: இந்தக் கேள்வியோடு வரும் இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். தோள் அகன்றிருக்கும், கை திரண்டிருக்கும், கையிலிருக்கும் தாளில் பூஜ்யம் இருக்கும். அவர்களிடம் இதை யாரும் முன்பே சொல்லவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது.

விரைகளை வேலை வாங்குவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அது இரத்தத்தில் அனுப்புகிறது. எல்.எச். வந்தால் விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், எப்.எஸ்.எச்.சும் அந்த டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தால் விந்தணு உருவாகும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருப்பதை மூளை கண்டால், பிட்யூட்டரி தன் ஆணையைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஊசி வழியே வெளியிலிருந்து கொட்டியபோது, ‘நிறைய இருக்கிறது’ என்று அது கணக்கிட்டு, ஆணை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. விரைக்குள் இயல்பாக இருக்கும் டெஸ்டோஸ்டிரோனின் அளவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தச் செறிவு இருந்தால்தான் விந்தணு உருவாகும். ஊசியால் இரத்தத்தில் அளவு ஏறியது, விரைக்குள் வறண்டது. உங்கள் விரைகள் சிறுத்திருப்பதையும் நீங்கள் கவனித்திருக்கக் கூடும்.

இந்த விளைவு தற்செயலானது அன்று. உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்ட, அதுவரை நலமாக இருந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கியது. கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் அளவு இதைவிடவும் கூடுதல்.

நம்பிக்கை இழக்க வேண்டாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் விந்தணு திரும்புகிறது. சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். நிறுத்திய முதல் சில மாதங்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் ஆசைக் குறைவும் வரும். அந்தக் கட்டத்தில்தான் பலர் மறுபடியும் ஊசியைத் தேடுகிறார்கள். எனவே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள், தேவைப்பட்டால் எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி., அதோடு எப்.எஸ்.எச். ஊசிகளால் விரைகளைத் தூண்டி எழுப்ப வழி இருக்கிறது. பூஜ்யத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மரபணுப் பரிசோதனையையும் அவர் கேட்கக் கூடும். மறுக்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊசிக்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோன் களிம்பைத் தோளில் தடவுகிறவர்களும் உண்டு. களிம்பு தடவிய தோளில் சாய்ந்து தூங்கும் குழந்தையின் தோல் வழியே அது உள்ளே போகிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பருகே மயிர் முளைத்து, எலும்பு வளர்ச்சி வயதை முந்தி, பெற்றோர் பதறி ஓடி வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இதன் பேரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் அந்த மருந்துகளின் மீது கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது.

கேள்வி: ஐந்து ஆண்டுகள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். இனிக் கருத்தரிக்க முடியாதா?

பதில்: முடியும். மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் முட்டை வெளியாவது பெரும்பாலோருக்குத் தொடங்கிவிடுகிறது. எத்தனை ஆண்டு சாப்பிட்டீர்கள் என்பதால் மலட்டுத்தன்மை வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி மட்டும் வேறு மாதிரி. அதை நிறுத்தியபின் கருவுறுதல் திரும்பப் பத்து மாதங்கள் வரையோ சில நேரம் அதற்கு மேலுமோ ஆகலாம். ஐந்து ஆண்டுகளில் உங்கள் வயதும் ஐந்து கூடியிருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கர்ப்பத்தின் ஏழாவது வாரத்தில் எனக்கு இரத்தக் கசிவு ஏற்பட்டது. முன்பு ஒருமுறை கரு கலைந்திருந்ததால், மருத்துவர் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்தார். இப்போது ஐந்தாம் மாதம். ‘ஹார்மோன் மருந்து சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும்’ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பதில்: அம்மா, உங்கள் உறவினர் சொன்னதன் வேர் உண்மையான ஒரு துயரத்தில் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் சாப்பிட்ட மருந்தைப் பற்றியது அன்று. அதை முழுவதும் சொன்னால்தான் உங்கள் அச்சம் தீரும்.

முதல் பதிலில் வந்த அதே டாட்ஸ், 1938-இல் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார். விலை மலிவு, வாயால் சாப்பிடலாம். கருக்கலைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940களிலிருந்து லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, அதனால் ஒரு பயனும் இல்லை என்று காட்டியது. பயனில்லை என்று தெரிந்த பின்னும் கொடுப்பது நிற்கவில்லை. 1971-இல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்பஸ்ட் குழுவினர், இளம்பெண்களுக்கு வரவே வராது எனக் கருதப்பட்ட ஒரு வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோயை 8 இளம்பெண்களிடம் கண்டு ஆராய்ந்தார்கள். அவர்களில் 7 பேரின் தாய்மார், இந்தப் பெண்கள் கருவில் இருந்தபோது அம்மருந்தைச் சாப்பிட்டிருந்தார்கள். அந்தத் தொடர்பை முதலில் எழுப்பியது ஒரு நோயாளியின் தாய் கேட்ட கேள்விதான். நோயாளியின் தாய் கேட்கும் கேள்வியை நான் இன்றுவரை இடைமறிக்காமல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். கருவில் அம்மருந்து பட்ட மகள்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அப்புற்றுநோய் வந்தது. அதைவிடப் பலருக்குக் கருப்பையின் வடிவமே மாறி, கருக்கலைவும் குறைப்பிரசவமும் நேர்ந்தன. கருவில் இனப்பெருக்க உறுப்புகள் உருவாகும் அந்தச் சில வாரங்களில் அம்மருந்து பட்டதால்தான் இவ்வளவும். அதே மாத்திரையைச் சாப்பிட்ட தாய்மாருக்கு இந்தக் கேடுகள் நேரவில்லை.

நீங்கள் சாப்பிட்டது இயற்கை புரோஜெஸ்டிரோன் என்றால், அது கர்ப்பத்தில் உங்கள் உடலே ஏராளமாகச் சுரக்கும் ஹார்மோன். 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் கூடவில்லை. உங்களைப் போல முன்பு கரு கலைந்து, இம்முறை இரத்தக் கசிவும் ஏற்பட்டவர்களுக்கே அதனால் ஓரளவு பயன் தெரிந்தது. மருந்துச் சீட்டை எடுத்துப் பெயரைப் பார்த்து, உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்றிரவு தூங்குங்கள்.

கேள்வி: பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் வேலையில் இருக்கிறேன். சென்ற ஆண்டு என் மனைவிக்குக் கரு கலைந்தது. இப்போது மூன்று மாதம். அவர் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. என் வேலை அவரையும் குழந்தையையும் பாதிக்குமா?

பதில்: பாதிக்கக் கூடும். இதை நீங்களே கேட்டு எழுதியதற்கு நன்றி. வேலை செய்கிறவர் ஆண் என்றால் அந்தக் கேள்வியை மருத்துவமனைகளிலும் பலர் கேட்பதில்லை. 1977-இல் கலிபோர்னியாவில் பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிக் கண்டுகொண்டார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. டிபிசிபி என்ற அந்த மருந்தோடு வேலை செய்த ஆண்டுகள் கூடக் கூடப் பாதிப்பும் கூடியிருந்தது. பேச்சில் தொடங்கிய அந்த விசாரணைதான் அம்மருந்தின் தடைக்கு வழிவகுத்தது.

காரீயம் இரு வழியில் வருகிறது. உங்கள் இரத்தத்தில் அளவு மிகுந்தால் விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் குறையும். அடுத்தது உங்கள் சட்டை. உருக்கும் இடத்தின் நுண்தூள் சட்டையிலும் செருப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. துவைக்கும் முன் அதை உதறும் மனைவி மூச்சில் இழுக்கிறார். உள்ளே போன காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடைகிறது. எலும்பில் சேர்ந்தது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பத்தில் கால்சியத்துக்காக எலும்பு கரையும்போது அதுவும் சேர்ந்து இரத்தத்துக்கு வரும். சென்ற ஆண்டின் கருக்கலைவுக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. கருக்கலைவுகளில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்பவை. உங்கள் மீதே பழியைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த வாரமே இருவரும் இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால், காரீயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்கள் மனைவிக்குக் கால்சியமும் இரும்புச்சத்தும் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். வேலையிடத்திலேயே குளித்து, தலை கழுவி, உடுப்பையும் செருப்பையும் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வேலை உடுப்பை நீங்களே தனியாக நனைத்துத் துவையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குளிக்கும் வசதி அங்கே இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அது கிடைக்கும் வரை, வேலைச் சட்டையோடு வாசற்படியைத் தாண்டாதீர்கள்.