உபுண்டு நிறுவிய பிறகும் விண்டோஸ் மட்டுமே திறக்கிறது, என்ன செய்வது?

விண்டோஸ் இருந்த கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் நிறுவியிருக்கிறீர்கள், பிழை எதுவும் வரவில்லை, ஆனாலும் நேராக விண்டோஸே திறக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். உபுண்டு பெரும்பாலும் வட்டில் பத்திரமாகவே இருக்கும்.

புதிய கணினிகளில் எந்த இயங்குதளத்தை முதலில் எழுப்புவது என்ற பட்டியல் மதர்போர்டிலேயே, யுஇஎஃப்ஐ என்ற, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. கணினியை இயக்கியதும் எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி (கணினிக்குக் கணினி மாறும்) உள்ளே போய், பூட் வரிசையில் உபுண்டுவை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

பட்டியலில் உபுண்டு பெயரே இல்லையா? அப்படியானால் உபுண்டுவை நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவை, யுஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பயாஸ் முறையில் பூட் செய்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த முறையில் எழுதப்படும் கிரப்பை (உபுண்டுவை எழுப்பும் துவக்கி நிரல்) யுஇஎஃப்ஐ கண்டுகொள்ளாது. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவாமல் முயன்று பார்க்கும் வசதியில் நுழைந்து, பூட் ரிப்பேர் என்ற கருவியை ஓட்டினால் கிரப்பைச் சரியான இடத்தில் எழுதிவிடும்.

செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் இல்லாத துவக்கியைத் தடுக்கும் யுஇஎஃப்ஐ வசதி) அணைக்கச் சிலர் சொல்வார்கள். உபுண்டு கையொப்பமிட்ட துவக்கியோடு வருவதால் பொதுவாக அது தேவையில்லை.

அப்புறம், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற, வேகமாகத் திறப்பதற்கான வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் பகுதி முழுதாக மூடப்படாமல் கிடக்கும், லினக்ஸிலிருந்து அதில் எதையும் எழுத முடியாமல் போகும்.