ஃபெரிட்டின் பார்த்த பிறகும் எம்.ஆர்.ஐ எதற்கு?

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுக்காகத் தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொள்ளும் மகளுக்கு, அந்த ரத்தத்தோடு வந்து உடலில் தேங்கும் இரும்பை அறிய ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. காய்ச்சலோ கிருமித்தொற்றோ வந்தாலே ஃபெரிட்டின் ஏறிவிடும்.

எம்.ஆர்.ஐ இரும்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. தேங்கிய இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், திசுவிலிருந்து வரும் சமிக்ஞை சீக்கிரம் மங்குகிறது. இரும்பு கூடக் கூட மங்கும் வேகமும் கூடும். அந்த வேகத்தை வைத்து, உலர்ந்த கல்லீரல் திசுவில் கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று கணக்கிடுகிறார்கள். சுமார் 1.8 வரை இயல்பு. 7-ஐத் தாண்டினால் கவனம் தேவை. 15-க்கு மேல் கடுமையான தேக்கம். ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டியதில்லை, எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது.

அப்புறம், இதயத்தையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். கல்லீரல் அளவு நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு தங்கியிருக்கலாம். அங்கே சமிக்ஞை மங்க எடுக்கும் நேரத்தைக் காட்டும் டி2 ஸ்டார் அளவு (இரும்பு கூடினால் இது குறையும்) 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தால், இரும்பை வெளியேற்றும் மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.