நாம் பரிந்துரைக்கும் புத்தகத்தையும் படத்தையும் யாருமே தொடுவதில்லை. பரிந்துரைப்பதையே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நல்ல நல்ல தலைப்புகளாகப் பத்து, பதினைந்து தேர்ந்தெடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள். "சூப்பர், கண்டிப்பாப் பார்க்கிறேன்" என்று பதிலும் வந்திருக்கும். அதோடு சரி. அந்தப் பட்டியல் உங்கள் ரசனையைச் சொல்கிறது. வாங்குகிறவருக்கு அதில் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

என் சித்தப்பாவுக்கு ஆளாளுக்குப் படம் சொல்வார்கள். விருது வாங்கியது, உலகமே கொண்டாடியது என்று. எதிலும் கால் மணி நேரம் தாண்டமாட்டார். "அவருக்கு ரசனை கிடையாது" என்று வீட்டிலேயே முத்திரை குத்திவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. "சித்தப்பா, நீங்க கடைசியா நடுவுல எழுந்து போகாம பார்த்தது எது?" என்று கேட்டேன். ஏதோ பழைய படத்தின் கோர்ட் காட்சியைச் சொன்னார். அதை மட்டும் எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பாராம்.

அது போதும். 1957இல் வந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்தைக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை, 96 நிமிடம், கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறைக்குள். சிட்னி லூமெட்டின் முதல் படம் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. "ஒரு பையனுக்கு மரண தண்டனையா விடுதலையான்னு பன்னிரண்டு பேர் ஒரு ரூம்ல உட்கார்ந்து சண்டை போடுறாங்க. பிடிக்கலைன்னா இருபதாவது நிமிஷம் நிறுத்திடுங்க" என்றேன், அவ்வளவுதான். அன்று ராத்திரியே போன். "அந்த மூணாம் நம்பர் ஆள் மேல எனக்குக் கடைசியில கோபமே வரலப்பா" என்றார். படத்தில் அந்தப் பன்னிரண்டு ஜூரிகளுக்கும் நம்பர்தான்; பையன் குற்றவாளியேதான் என்று கத்துகிறவர் இந்த மூணாம் நம்பர். கோபம் ஏன் வரவில்லை என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரசனை இல்லாத மனிதர் பேசுகிற பேச்சா அது?

இப்படி ஆளைப் பார்த்துக் கொடுப்பதை, அடுத்தவர் தகுதியை எடைபோடும் ஆணவம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று எஸ். ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கு விதி எழுதிவைத்தார். நூலகர் செய்தால் சேவை, நாம் செய்தால் ஆணவமா? அப்புறம், "அதான் ஆப்பே சொல்லிடுதே" என்பவர்கள். நீங்கள் எதை முழுசாகப் பார்த்தீர்கள் என்று ஆப்புக்குத் தெரியும்தான். அந்தக் கோர்ட் காட்சி ஏன் பிடிக்கும் என்று அது சித்தப்பாவிடம் உட்கார்ந்து கேட்காது.

அடுத்து அவரே புத்தகம் கேட்டார். டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' நினைவுக்கு வந்தது. நாயகன் ஒரு நீதிபதி, கதையும் சின்னது. ஆனால் நோயில் படுத்து, சாவை நேருக்கு நேர் பார்க்கிற மனிதனின் கதை. வயதானவர் கையில் அதைச் சும்மா திணிக்கக்கூடாது. விஷயத்தைச் சொல்லி, "இப்ப படிக்கலாமா, வேற தரட்டுமா?" என்று கேட்டேன். "கொடு" என்றார். தயவுசெய்து இந்த ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கும் உடம்பு சரியில்லாதவருக்கும், அது எவ்வளவு பெரிய படைப்பாக இருந்தாலும், எச்சரிக்கை இல்லாமல் நீட்டுவது தப்பு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். நாவல்களுக்கு முன்னுரை எழுதுகிறவர்கள் ஏன் முழுக் கதையையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்? சித்தப்பாவிடம் கொடுத்த பதிப்பில் கடைசி அத்தியாயத்தில் நடப்பதுவரை முன்னுரையிலேயே இருந்தது. டால்ஸ்டாயே சாவுச் செய்தியோடுதானே கதையைத் தொடங்குகிறார் என்று வாதாட வருவீர்கள். அது எழுதியவரின் உரிமை. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று யோசித்து 1886இல் அவர் செய்த வேலையை, முன்னுரைக்காரர் பத்துப் பக்கத்தில் கலைத்துவிடுகிறார். அலசுவதற்குப் பின்னுரை என்று ஓர் இடம் இருக்கிறதே!

இப்போதெல்லாம் யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் முன்னுரைப் பக்கங்களைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டு, 'கடைசியில் படிக்கவும்' என்று சீட்டு வைத்துத்தான் கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே கொடுங்கள்.