உதறல் அடங்கும் என்று பூச்சு அடித்தார்கள், பெயரிங் உடைந்தது: மீதிக் காசைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: பரந்தனில் சிறிய நெல் மில் வைத்திருக்கிறேன். உமி இழுக்கும் புளோவர் விசிறி தேய்ந்து உதறத் தொடங்கியது. கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஆள் மில்லுக்கே வந்து பார்த்து, செரமிக் பூச்சு அடித்தால் தேய்மானமும் நிற்கும், அதிர்வும் அடங்கும் என்றார். 1,80,000 ரூபா பேசி 1,20,000 முற்பணம் கொடுத்து விசிறியை அனுப்பினேன். திரும்பி வந்ததைப் பூட்டியதும் முன்பைவிட மோசமாக உதறியது, மூன்றாம் கிழமை பெயரிங் உடைந்தது. காலபோக அறுவடை நேரத்தில் மில் நின்றது. விசிறி திரும்பி வந்து இரண்டு மாதம் கடந்துவிட்டது. மீதி 60,000 ரூபாவுக்கு வழக்குப் போடுவோம் என்கிறார்கள். அதிர்வுக்குப் பொறுப்பில்லை என்று பில்லின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கிறது.

பதில்: முதலில் திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, சேவை கிடைத்ததிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம். மில் முதலாளிக்கு நுகர்வோர் சட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால், காசு கொடுத்துச் சேவையைப் பெறும் எவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம்.

அடுத்தது, எதை வைத்து வழக்காடுவது. “செரமிக் பூச்சு அதிர்வை அடக்காது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். அது உண்மையிலேயே அடக்கும். விசையாழி (டர்பைன்) இதழ்களில் செரமிக்கை உருக்கி, பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுவோடு தெளிக்கும்போது உருகிய துளிகள் தட்டையாகி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுகின்றன. அந்தப் படைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய வெடிப்புகள் உராய்ந்து அதிர்வின் சக்தியை வெப்பமாக்கிவிடும். எதிர்த் தரப்பு நிபுணர் இதைச் சொன்னால் நீதிபதிக்கு உங்கள் வாதம் விளங்காமலே போகும்.

ஆனால் அந்தப் பூச்சு அடக்குவது ஒத்ததிர்வை, அதாவது இதழ் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிப்பதை. உங்கள் விசிறி உதறியதற்கு அது காரணமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. உமியில் உள்ள சிலிக்கா இதழ்களை ஒரே அளவில் அரிப்பதில்லை, அதனால் எடைச் சமநிலை கெடுகிறது. அந்தச் சமநிலைக் கேடு இழுக்கும் விசை சுழல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எந்தப் பூச்சும் அதை எடுத்துவிடாது. ஓர் இதழில் கொஞ்சம் தடிப்பாகப் படிந்தால் இன்னும் கூட்டவே செய்யும். ஆகவே பூசிய பிறகு விசிறியை பலன்ஸ் செய்து பார்த்துத்தான் ஒப்படைத்திருக்க வேண்டும். பலன்ஸ் அறிக்கை தந்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான்: கவனமும் திறமையும் இல்லாமல் செய்த வேலை.

விசிறி உங்களுடையது, அவர்கள் செய்தது கூலி வேலை. எனவே 1896இன் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டப்படி, வேலையை ஏற்றவர் அந்தத் தொழிலுக்குரிய திறமையோடு அதைச் செய்ய வேண்டும். பில்லின் பின்பக்க வாசகம் அவர்களை முற்றாகக் காப்பாற்றாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டத்தின் கீழ் அது நியாயமானதா என்று கேட்கலாம். பேசி முடித்த பிறகு கையில் வந்த பில் என்றால் இன்னும் நல்லது.

உங்கள் கோரிக்கை முழுவதும் சட்டம் குறித்த தொகை எல்லைக்குள் நிற்குமானால், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வாங்காமல் வழக்குத் தொடர முடியாது. அவர்களுக்கும் அதேதான், ஆகவே அந்த 60,000 ரூபா மிரட்டலுக்கு இப்போதே பயப்பட வேண்டாம். சபையில் உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது. நீங்களே பேசுங்கள், அங்கே அதுதான் எடுபடும். சரிவராவிட்டால், பேச்சு முடிந்தது பரந்தனில் என்பதால் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

மீதிக் காசை நிறுத்திவையுங்கள், ஆனால் ஏன் நிறுத்துகிறீர்கள் என்பதைப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். “பிறகு தருகிறேன்” என்று கையெழுத்திட்டு எதுவும் கொடுக்காதீர்கள், ஆயிரம் இரண்டாயிரம் என்று அனுப்பவும் வேண்டாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத கூலி வேலைக்குக் காசு கேட்கும் வழக்குக்குக் வழக்குப் போடும் கால எல்லையைச் சொல்லும் காலவிதிப்புச் சட்டத்தில் ஒரு வருடம்தான், அப்படி எழுதியோ சிறுதொகை அனுப்பியோ விட்டால் அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கிவிடும்.

வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். விசிறியைப் பார்க்க வருகிறோம், எடுத்துப்போகிறோம் என்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர்கள் வருவதற்கு முன் ஒரு பொறியியலாளரைக் கொண்டு சமநிலையை அளந்து, ஒவ்வொரு இதழிலும் பூச்சின் தடிப்பை எழுதி வாங்குங்கள். உடைந்த பெயரிங்கையும் வீசிவிடாமல் வையுங்கள்.