திம்பம் ஏறும்போது மட்டும் கொதிக்கிறது

கேள்வி: அய்யா, என்னிடம் 2006 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தார் ஏற்றிச் சாம்ராஜ்நகர் போய் வருகிறேன். சமதரையில் வண்டி நன்றாகவே ஓடுகிறது. பண்ணாரி தாண்டித் திம்பம் மலையில் ஏழெட்டு வளைவு ஏறுவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றால்தான் மறுபடி நகர முடிகிறது. முன்பெல்லாம் ராத்திரியில் ஏறுவேன், அப்போது இந்தத் தொல்லை இல்லை. வாட்டர் பாடியை (தண்ணீர் பம்ப்பை) புதிதாக மாற்றிவிட்டேன். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தாயிற்று. ரேடியேட்டருக்கு எங்கள் தோட்டத்து போர் தண்ணீர்தான். நான்கு வருடம் முன்பு முன்பக்கம் இடிபட்டு டிங்கர் வேலை பார்த்தேன். இப்போது மெக்கானிக் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) இறக்க வேண்டும், 25 ஆயிரம் ஆகும் என்கிறார். இறக்கலாமா?
– கோபியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடையில் பாதியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

பட்டறையில் சூடு ஏறும் வண்டி வந்து நின்றால் நான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுநரை உட்கார வைத்து, “எப்போது ஏறுகிறது?” என்று கேட்பேன். டீக்கடை முன்னால் ஸ்டார்ட்டில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. உங்களுடையது மூன்றாவது ரகம். லோடோடு மலை ஏறும்போது இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, வண்டியோ ஆள் ஓடுகிற வேகத்தில்தான் போகிறது. எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் இழுக்கிற காற்றை நம்பித்தான் பிழைப்பு. காற்றில் கொஞ்சம், தண்ணீரில் கொஞ்சம் என்று இரண்டு பக்கமும் குறை இருந்தால் சமதரையில் தெரியாது, மலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ராத்திரி ஏறியதைப் பற்றி எழுதினீர்களே, அது முக்கியம். 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. குளிர்ந்த காற்றில், காலி ரோட்டில் ஏறிய வண்டி, இப்போது பகல் வெயிலில் சரக்கு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு 27 வளைவும் நின்று நின்று ஏறுகிறது. ஆகவே இந்தக் குறை புதிதாக வந்தது என்று நான் நினைக்கவில்லை. முன்பே இருந்திருக்கும், ராத்திரிக் குளிர் அதை மூடி வைத்திருந்தது.

சரி, எங்கே தேடுவது? முதலில் பானெட்டைத் திறந்து ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். ரேடியேட்டரின் பின்பக்கம் ஒட்டினாற்போல ஃபேனை வளைத்து ஒரு கூடு இருக்க வேண்டும். ஷ்ரவுடு என்பார்கள், நம் பட்டறைகளில் ஃபேன் கவர். முன்பக்கம் இடிபட்ட வண்டிகளில் டிங்கர் வேலை முடிந்து வரும்போது இது காணாமல் போயிருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். உடைந்துபோனது, புதிது கிடைக்கவில்லை, “அது வெறும் பிளாஸ்டிக்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். அது வெறும் பிளாஸ்டிக் இல்லை. அது இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டர் முழுவதும் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் கிடைக்கிற இன்ஜின் ரூமின் வெந்த காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்று இந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். மலையில் சரிக்கட்ட எதுவும் இல்லை. கடிதத்தைப் படித்ததும் என் சந்தேகம் முதலில் போனது இங்கேதான். கவர் இல்லையென்றால் பழைய பாகக் கடையில் தேடி வாங்கி மாட்டிவிட்டு, அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

கையோடு ஃபேன் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

அடுத்தது ரேடியேட்டரின் வெளிப்பக்கம். நெல் வயல் ஓரமும் மண் ரோடும் ஓடுகிற வண்டியில் பூச்சி, புல் பஞ்சு, புழுதி எல்லாம் தகடுகளுக்கு நடுவில் போய் உட்காரும். கொஞ்சம் ஆயில் கசிவும் சேர்ந்தால் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். முன்னாலிருந்து பிரஷர் தண்ணீர் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

இனி போர் தண்ணீர். இதில் எனக்கு மனவருத்தமே உண்டு. நம் பக்கத்து போர் தண்ணீரைச் சோற்றுப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தாலே அடியில் வெள்ளை படிகிறது. அதே தண்ணீரை வருடக்கணக்கில் இன்ஜினுக்குள் கொதிக்க விடுகிறோம். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக அடைக்கிறது. சிலிண்டரைச் சுற்றியும் படிந்து சூடு தண்ணீருக்கு இறங்காமல் தடுக்கிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். ஃபேன் நின்றதும் முன்பக்கத்திலிருந்து ரேடியேட்டரைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மேலே சூடு அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருப்பது சகஜம். ஆனால் ஒரே மட்டத்தில் இடது ஓரம் சுட்டு, வலது ஓரம் ஜில்லென்று இருந்தால் அந்தப் பக்கக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. சந்தேகம் இருந்தால் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, தண்ணீர் நிரப்பிக் கையை எடுங்கள். குபீரென்று கொட்ட வேண்டும். நூலாக ஒழுகினால் அடைப்புதான். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் தொட்டியைக் கழற்றி ராடு அடித்து, அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுத்து, திரும்பப் பற்ற வைப்பார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியுமாக இருந்தால் அதற்கு வழியில்லை, மாற்ற வேண்டியதுதான். சுத்தம் செய்த பிறகு கூலன்ட்டும் பேட்டரி தண்ணீரும் (டிஸ்டில்டு வாட்டர்) பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். போர் தண்ணீரை இனி வண்டி கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். கழற்றினால் குளிர்ச்சி கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியையும் அதுவே மூடுகிறது. அது இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ஆறாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். மலையில் அந்தப் பங்குதான் நமக்கு வேண்டும். புதிதை மாட்டுமுன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் கொதிநிலைக்கு வெகு முன்பே வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியும் முக்கியம். 0.9 (பார் அழுத்தம்) என்று அச்சிட்ட மூடி ஒழுங்காக வேலை செய்தால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூடக் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் இறுகிப்போன மூடியில் அழுத்தம் நிற்காது. நூறிலேயே கொதித்துவிடும். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் அதிலும் மூன்று டிகிரி குறையும். அதே எண் போட்ட புது மூடி வாங்குங்கள். பெரிய எண் வாங்கினால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

ரேடியேட்டரிலிருந்து வாட்டர் பாடிக்குத் தண்ணீர் போகும் கீழ் ஹோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் ஒரு வேன்காரர் இதே புகாரோடு என்னிடம் வந்தார். நான் அவசரப்பட்டு ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் மாற்றி, ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டமாக்க ஃபேஸ் அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரை ஏற்றச் சொல்லி நான் குனிந்து பார்த்தபோது, கீழ் ஹோஸ் உறிஞ்சிய இளநீர்க் குழல் மாதிரி சப்பிப் போயிற்று. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. ஐடிலில் ஹோஸ் நன்றாகவே இருந்தது, அதனால் நான் கவனிக்கவில்லை. அவர் கொடுத்த கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த வண்டிக்கும் ஹெட்டைத் தொட்டதில்லை. நீங்களும் ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஹெட் பேச்சு. அதற்கும் அடையாளம் இருக்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறதா? மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? எங்கும் சொட்டாமலே தண்ணீர் குறைகிறதா? ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் மெக்கானிக் சொல்வது சரி, இறக்குங்கள். எதுவும் இல்லையென்றால் அந்த 25 ஆயிரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஏறும்போது மூன்றாவது கியரில் திணற விடாதீர்கள். இரண்டுக்கு இறக்கி இன்ஜினைச் சுற்ற விடுங்கள். ஃபேனும் வாட்டர் பாடியும் இன்ஜினோடு சேர்ந்துதான் சுற்றுகின்றன.

கேள்வி: சூட்டு முள் உச்சிக்குப் போய், தானாகவே சட்டென்று கீழே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று ஓட்டினேன். சற்று தூரத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மீட்டர் ஏன் ஏமாற்றியது?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: மீட்டருக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும், முள் இறங்கிவிடும். உங்களுக்கு ஹோஸோ கிளாம்ப்போ விட்டிருக்க வேண்டும். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். மற்றவர்கள் கவனத்துக்கு: ஏறிய முள் காரணமில்லாமல் திடீரென விழுந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கொதிக்கும் வண்டிக்கு உடனே தண்ணீர் ஊற்றலாமா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: கூடாது. மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். என் பட்டறைப் பையன் ஒருவனின் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் ஹெட்டில் விரிசல் விழவும் செய்யும். அரை மணிக்கு மேல் பொறுங்கள். மேல் ஹோஸை அழுத்தினால் கை பொறுக்கிற சூட்டில் மெத்தென்று இருக்க வேண்டும். பிறகு கனத்த துணி போட்டு மூடியை முதல் படி மட்டும் திருப்பி ஆவியை வெளியேற விடுங்கள். சத்தம் அடங்கியதும் முழுதும் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.