மலை தெளிவு, முகம் மங்கல்: குற்றம் லென்ஸிலா, கமராவிலா?

கேள்வி: இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் பழைய சோவியத் ஸோர்க்கி 4 பிலிம் கமராவை ஜுப்பிட்டர் 8 லென்ஸோடு வாங்கினேன். முதல் ரோலில் வெயிலில் எடுத்த தேயிலை மலையும் ஸ்டேஷனும் நன்றாக வந்திருக்கின்றன. வீட்டுக்குள் ஒன்றரை மீற்றரில் வைத்து அப்பாயியை எடுத்த படங்கள் மட்டும் மங்கல். கண் தெளிவில்லை, காதும் பின்னால் இருக்கிற சேலை மடிப்பும் தெளிவாக இருக்கின்றன. விற்றவர், "லென்ஸில் பங்கஸ் பிடித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் காசு போட்டால் லைக்கா லென்ஸே தருகிறேன்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
(தலவாக்கலை வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: காது தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள். பங்கஸுக்குக் கண் எது, காது எது என்று தெரியாது. அது லென்ஸில் படர்ந்தால் படம் முழுவதிலும் பால் ஊற்றியதுபோல ஒரு வெளுப்பு விழும், மலையும் வெளுக்கும். உங்கள் படத்தில் தெளிவு காணாமல் போகவில்லை, பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் பின்னால் போய் விழுந்திருக்கிறது. அது போகஸ் பிழை. விற்றவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

மலைப் படம் நன்றாக வந்ததை வைத்துக் கமராவுக்கு நற்சான்று கொடுக்கவும் வேண்டாம். வெயிலில் எப் 8, அதாவது லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கி, வைத்திருப்பீர்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸில் எப் 8 என்றால், சுமார் பத்து மீற்றருக்கு அப்பால் உள்ளதெல்லாம் ஓரளவு தெளிவாகவே விழும். சின்னப் பிழைகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் எப் 2க்குத் திறந்திருப்பீர்கள். ஒன்றரை மீற்றரில் எப் 2 தருகிற தெளிவு, முன்னும் பின்னுமாகச் சேர்த்தே ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். அங்கே எந்தப் பிழையும் ஒளிய முடியாது.

கமராவைத் தொடுமுன் நெகட்டிவை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். போனுக்கு வந்த ஸ்கேனை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிலிம் கழுவும் இடங்கள் சில ஸ்கேனை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடுகின்றன. கேட்டால் "யாரும் கேட்பதில்லை" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் நெகட்டிவ்தான். பிலிம் கொடுக்கும்போதே உறையில் "நெகட்டிவ் திரும்ப வேண்டும், வெட்டாமல் சுருளாக" என்று எழுதிக் கொடுங்கள்.

நெகட்டிவிலும் காதுதான் தெளிவு என்றால், அடுத்தது உங்கள் கண். ஸோர்க்கி 4இல் பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பார்க்கும் துவாரத்தை உங்கள் கண் பவருக்கு ஏற்றபடி சரிசெய்யும் நெம்பு அது. பையில் உரசித் தானாகவே நகரும். நகர்ந்தால் நடுவில் தெரியும் இரட்டை உருவம் (இரண்டும் ஒன்றானால் போகஸ் சரி) மங்கிவிடும், இரண்டும் எப்போது ஒன்றாகின்றன என்பதை நீங்கள் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்து, அதன் விளிம்பு கத்திபோலத் தெரியும்வரை நெம்பை நகர்த்துங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். தூரப் பார்வைக்கோ கிட்டப் பார்வைக்கோ மட்டும் கண்ணாடி என்றால், அதைக் கழற்றிவிட்டு நெம்பாலேயே சமாளிக்கலாம். பவர் மிக அதிகம் என்றால் நெம்பு எட்டாது. கண்ணாடிச் சீட்டில் 'சில்' என்று ஒரு எண்ணும் அதற்குப் பக்கத்தில் 'அக்ஸிஸ்' என்று பாகையும் இருந்தால், அந்தக் குறையை இந்த நெம்பால் ஈடுசெய்யவே முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் துவாரத்தைச் சுற்றியுள்ள உலோக வளையம் கண்ணாடியைக் கீறும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்றை அதன்மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். சில் எண் 0.50க்குள் இருப்பவர்கள் கழற்றிவிட்டும் முயன்று பார்க்கலாம், பலருக்கு வித்தியாசம் தெரியாது.

கண் சரி என்றால் கமரா. ரேஞ்ச் பைண்டர், அதாவது இந்தத் தூரம் பார்க்கும் பொறி, வேலை செய்யும் விதம் இதுதான்: லென்ஸைத் திருகும்போது அதன் பின்விளிம்பு முன்னும் பின்னும் போகிறது. கமராவுக்குள் இருக்கும் ஒரு நாக்கு அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டே நகர்ந்து, இரட்டை உருவத்தில் ஒன்றை ஆட்டுகிறது. லென்ஸ் வழியாக எதுவும் தெரிவதில்லை. கமரா சொல்வதை நீங்கள் நம்புகிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே நாக்கு பொய் சொல்கிறதா, லென்ஸ் பொய் சொல்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தூரம். லென்ஸை முடிவிலிக் குறியில், அதாவது படுத்த எட்டில், முட்டும்வரை திருப்பி வையுங்கள். ஒரு கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில் கூர்மையான ஒன்றைப் பாருங்கள். பகலில் மலை விளிம்பைப் பார்க்கலாம் என்று நினைப்பீர்கள். நம் ஊரில் மூடுபனி அதற்கு விடாது, விளிம்பும் சவுக்குக் காடாக இருக்கும். இரவுதான் நல்லது. எதிர்மலை டெலிபோன் டவரின் சிவப்பு விளக்கு போதும். சீசன் காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிவனொளிபாதமலைப் படிவரிசை விளக்குகளைவிட நல்ல குறி கிடையாது. விளக்கு ஒன்றாகத் தெரிந்தால் சரி. பக்கவாட்டில் இரண்டாகத் தெரிந்தால் தூரக் கணக்கே பிழை. மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தால் கணக்கு பிழையில்லை, பார்ப்பதற்கு மட்டும் தொல்லை.

இனிக் கிட்ட. பின்மூடியைக் கழற்றுங்கள், உள்ளே பிலிம் இருக்கக் கூடாது. பிலிம் படுக்கும் இடத்தில் இரண்டு சோடி தண்டவாளங்கள் இருக்கும். உள்சோடிதான் பிலிம் உட்காரும் இடம். மங்கலான பிளாஸ்டிக் தகடு ஒன்றை 34 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டி, மங்கல் பக்கம் லென்ஸைப் பார்க்க, உள்சோடியின் மேல் அழுத்தி ஒட்டுங்கள். வெளிச்சோடியின் மேல் வைத்தால் கிடைக்கும் முடிவு வெறும் குப்பை. ட்ரேசிங் பேப்பரும் ஆகும், தொய்வில்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும். ஷட்டரைச் சுற்றி, வேகத்தை பியில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் குறி) வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்தபடி பூட்டுங்கள். சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். சுற்றாமல் மாற்றினால் உள்ளே பொறி உடையும். லென்ஸை எப் 2க்குத் திறந்து, தண்டவாளத்திலிருந்து டேப்பால் அளந்து சரியாக ஒரு மீற்றரில் ஒரு பத்திரிகைத் தாளை வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். ஜுப்பிட்டர் 8 ஒரு மீற்றருக்குக் கிட்டப் போகாது.

தகட்டில் எழுத்து மிகக் கூர்மையாக விழும்வரை லென்ஸைத் திருப்புங்கள். பிறகு லென்ஸைத் தொடாமல் இரண்டைப் பாருங்கள்: லென்ஸின் தூர வளையம் எந்த எண்ணில் நிற்கிறது, துவாரத்தில் இரட்டை உருவம் சேர்ந்திருக்கிறதா. வளையம் ஒன்றில் நின்று உருவம் சேராவிட்டால் குற்றம் கமராவில், லென்ஸ் நிரபராதி. உங்கள் விஷயம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வளையம் ஒன்றில் நிற்காமல், அதை ஒன்றுக்குத் திருப்பினால் உருவம் சேர்ந்து தகட்டில் எழுத்து மங்கினால் குற்றம் லென்ஸில்.

கமராவில் குற்றம் என்றால் திருத்தம் பெரிய வேலை இல்லை. முகப்பில், ரேஞ்ச் பைண்டர் ஜன்னல்களுக்கு அருகே ஒரு சின்ன மூடித் திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இன்னொரு திருகாணி தெரியும், தூரக் கணக்கு அதில்தான் இருக்கிறது. கடிகாரக்காரரின் ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிட்டக் கணக்கை நாக்கின் நுனியைத் துளி திருப்பிச் சரிசெய்வார்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் நகரும், ஆகவே மூன்று நான்கு தடவை மாறி மாறிப் பார்க்க வேண்டும். தூரத் திருகாணியை நீங்களே செய்யலாம். நாக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம், வளைந்தால் அதோடு முடிந்தது.

லென்ஸில் குற்றம் என்றால், அதன் காரணம் பெரும்பாலும் ஒரு சொல்: "சேர்விஸ்". விளம்பரத்தில் "ஃபுல் சேர்விஸ் செய்தது" என்று பார்த்தால் பயப்படுங்கள். ஜுப்பிட்டர் 8இன் கண்ணாடிக் கூடு, போகஸ் குழலுக்குள் தனியாகத் திருகி இறங்குகிறது. கூட்டுக்கும் குழலுக்கும் நடுவே காகிதம்போன்ற மெல்லிய உலோக வாஷர்கள் இருக்கும். எத்தனை வேண்டும் என்பதை ஒவ்வொரு லென்ஸுக்கும் தொழிற்சாலையில் அளந்து போட்டிருக்கிறார்கள். கிரீஸ் மாற்றுகிறேன் என்று திறப்பவர் ஒன்றைத் தொலைத்தாலோ, இரண்டு லென்ஸைத் திறந்து கூட்டை மாற்றிப் போட்டாலோ போகஸ் போய்விடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இடைத்தரகர்கள் சிலர் மூன்று உடைந்த கமராவை ஒரு நல்ல கமராவாக்கி விற்பது இப்படித்தான். லென்ஸ் இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டு. கூடு ஒரு லென்ஸிலும் குழல் வேறொரு லென்ஸிலும் இருந்து வந்தவை என்றால் நிறமும் எழுத்தும் ஒத்துப்போகாது.

அந்த "லைக்கா லென்ஸ்" பற்றி இரண்டு வார்த்தை. சோவியத் கமராக்களிலும் லென்ஸ்களிலும் லைக்கா என்ற ஜெர்மன் கம்பனியின் பெயரைப் பொறித்து விற்பது பல ஆண்டுகளாக நடக்கும் வியாபாரம். தங்க முலாமும் ஜெர்மன் பருந்துச் சின்னமும் பார்த்தால் திரும்பி நடந்துவிடுங்கள். லைக்கா என்று சொல்லும் கமராவில் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள்: லைக்காவில் லென்ஸைத் தொடுவது ஒரு சின்னச் சக்கரம், ஸோர்க்கியிலும் பெட் என்ற இன்னொரு சோவியத் கமராவிலும் நாக்கு. எல்மார் என்ற லைக்கா பெயரில் வரும் மடங்கும் லென்ஸ் என்றால், லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கும் தகடுகள் எங்கே என்று பாருங்கள். உண்மையான எல்மாரில் அவை முதல் கண்ணாடிக்கு அடுத்து இருக்கும். சோவியத் இண்டஸ்டார் லென்ஸை எல்மார் ஆக்கியிருந்தால் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

இன்னொரு பொறி, இதில் விழாதவர் குறைவு. "39 மில்லிமீற்றர் திருகு, உங்கள் கமராவுக்குப் பொருந்தும்" என்று ஹெலியோஸ் லென்ஸைத் தருவார்கள். பொருந்தும், அழகாகத் திருகி உட்காரும். ஆனால் பழைய ஸெனித் கமராவுக்குச் செய்த அந்த லென்ஸ் பிலிமிலிருந்து 45.2 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். உங்கள் கமராவில் அது 28.8 மில்லிமீற்றரில் உட்காரும். ஒரு படமும் தெளிவாக வராது, கமராவும் ஒரு வார்த்தை சொல்லாது. படம் பெரிதாக்கும் கருவியின் லென்ஸ்களுக்கும் இதே திருகுதான், அதையும் விற்கிறார்கள்.

முகப் படங்களே உங்களுக்கு முக்கியம் என்றால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஸோர்க்கி 4இன் இரண்டு ஜன்னல்களுக்கும் இடைத்தூரம் 38 மில்லிமீற்றர், பெட் 2இல் 67. இடைத்தூரம் கூடக்கூடக் கிட்டத்துப் போகஸ் நுட்பமாகும். விலையும் அதிகமில்லை. அதற்காக இதை விற்றுவிட்டு அதை வாங்கச் சொல்லவில்லை.

பங்கஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க, எப் 2இல் வைத்து, டோர்ச் லைட்டைப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலைபோல் நூல் தெரிந்தால் பங்கஸ். தூசியும் நாலு குமிழியும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் இன்று இல்லாததும் அடுத்த மழைக்காலத்தில் வரும். கமராவை அது வந்த தோல் உறைக்குள் வைக்க வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வதில் தோலுக்கு நிகர் கிடையாது. ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, சின்ன ஈரமானியையும் போட்டு 40க்கும் 50க்கும் இடையே வைத்திருங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் அரிசித் தூளைப் பற்றி யோசித்ததில்லை. குளிரில் இருந்த கமராவோடு கொழும்பு பஸ் ஏறுவதாக இருந்தால் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போங்கள். இறங்கியதும் பையை அவிழ்க்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள், வேர்வை பையின் மேல் விழும், லென்ஸில் விழாது. வெயிலில் லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள். இந்தக் கமராவின் ஷட்டர் துணி, சூரியன் அதில் ஊசித்துளை போடச் சில விநாடி போதும்.

கடைசியில் வெளிநாட்டிலிருந்து லென்ஸ் வரவழைப்பதுதான் வழி என்று யாராவது சொன்னால், சுங்கம் வரி பார்ப்பது பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்கு என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்பச் சொல்லும் விற்பனையாளர்கள் உங்களுக்கு உதவி செய்யவில்லை. பார்சல் நிறுத்தப்பட்டால் விலையை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஐம்பது ஆண்டுப் பழைய கண்ணாடிக்கு விலைச்சீட்டு எங்கே என்று கேட்கும் முகப்பில் தலவாக்கலையிலிருந்து போய் நிற்பது ஒரு நாள் கூலி. தகட்டுச் சோதனைக்கு ஒரு பின்னேரம் போதும்.