அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அது மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுமா?

மாறும். ஆனால் பெரும்பாலும் கெடுதலின் அளவுதான் மாறுகிறது.

மது உடம்பில் முதலில் அசிடால்டிஹைடாக மாறும். விஷம் அதுதான். அப்புறம் ஏஎல்டிஎச்2 என்ற நொதி அதைச் சாதுவான அசிட்டேட்டாக மாற்றிவிடும். சீனர், ஜப்பானியர், கொரியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நொதி சரியாக வேலை செய்யாது. பிறவியிலேயே மரபணு அப்படி.

சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருவர் அப்படித்தான். அரை கிளாஸ் பீருக்கே காது, கழுத்தெல்லாம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அதனால் ஆபீஸ் விருந்துக்குக் கிளம்பும்போதே நெஞ்செரிச்சலுக்கான ஃபமோட்டிடின் மாத்திரை ஒன்றை விழுங்கிவிடுவார். மாத்திரை முகச் சிவப்பைத்தான் மறைக்கும், ரத்தத்தில் உள்ள அசிடால்டிஹைட் அப்படியே இருக்கும். முகம் தெளிவாக இருக்கிற தைரியத்தில் அடுத்த கிளாஸும் உள்ளே போகும்.

அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தவர்கள் தப்பித்தார்கள். அவர்களால் குடிக்கவே முடியாது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கஷ்டப்பட்டுக் குடித்துப் பழகிவிடலாம், பழகினால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும். ஜப்பானில் குடிநோயாளிகளிடையே இப்படி ஒற்றைப் பழுது உள்ளவர்கள் 1979இல் சுமார் 3 சதவீதம், 1992இல் 13 சதவீதம். அந்த இடைவெளியில் மரபணு மாறியிருக்க வாய்ப்பில்லை. வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு உட்கார்ந்து குடித்தே ஆக வேண்டும் என்கிற பழக்கத்துக்கு இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, இதயக் கதைக்கு வருவோம். சீனாவில் ஐந்து லட்சம் பேரைச் சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. வழக்கமான கணக்கில், அளவாகக் குடித்தவர்களுக்குக் குடிக்காதவர்களைவிடப் பக்கவாதம் குறைவு போலவே தெரிந்தது. ஆனால் குடிக்காதவர்கள் கூட்டத்தில் நோய் வந்து குடியை விட்டவர்களும் இருப்பார்களே! அதனால் 1,60,000 பேரை, ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்பதைப் பிறவியிலேயே பாதிக்கும் இப்படிப்பட்ட மரபணுக்கள்படி பிரித்துப் பார்த்தார்கள். நோய் வந்தாலும் மரபணு மாறாதே. நன்மை காணாமல் போனது. தினம் சுமார் நாலு பெக் அளவுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடியது, அதற்குக் கீழேயும் பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவில்லை. மாரடைப்பில் லாபமும் இல்லை, நஷ்டமும் தெளிவாக இல்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெண்கள் கணக்கு. அதே மரபணுக்கள்தான், ஆனால் அங்கே பெண்கள் அநேகமாகக் குடிப்பதில்லை. அவர்களிடம் இந்த ஏற்றமே இல்லை. ஆக, வேலையைக் காட்டியது மதுதான்.

தமிழர்களிடம் இந்த முகம் சிவக்கும் மரபணு மிக அரிது. குடியை விடவைக்க நம்மூர் மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை இதே நொதியைத்தான் முடக்குகிறது, நமக்கு அந்த அனுபவம் மாத்திரை வழியாகத்தான். அதற்காக நிம்மதியடைய வேண்டாம். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை ஈரலில் கொழுப்பைத் தங்கவைக்கும். அது தெற்காசியரிடம் அரிதல்ல. குடிப்பவருக்கு அது இருந்தால் ஈரல் சுருங்கும் ஆபத்து நன்றாகவே கூடும். இது முகத்தில் எதையும் காட்டாது. குடும்பத்தில் யாருக்காவது ஈரல் நோய் இருந்திருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லி ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.